பைக் இன்ஜின் போட்ட கிட் காரில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறதா? இப்படித் தேடுங்கள்

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே கட்டுகிற கார். அதில் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் வெடிக்காமல் விடுவது, என்றதும் கை நேராகக் கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் சாமான், சுருக்கமாகக் கார்ப்) போகும். போக விடாதீர்கள். நான்கு கார்ப்பையும் இறக்கி, கழுவி, ஜெட் எனும் சின்னப் பெட்ரோல் துளைகளை எல்லாம் ஊதி, முதுகு ஒடிய வேலை பார்த்துத் திரும்ப மாட்டிய பிறகும் அதே மிஸ்ஸிங் இருந்தால் நிலைமை முன்பைவிட மோசம். ஏனென்றால் பழைய கோளாறோடு இப்போது சரியாக உட்காராத ரப்பர் பூட் (கார்ப்பை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) ஒன்றும் சேர்ந்திருக்கும், எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

யமஹா ஆர்-1, சுசுகி ஹயபூசா, ஹோண்டா ஃபயர்பிளேடு மாதிரியான இன்ஜின்கள் 10,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றவே கட்டப்பட்டவை. பைக்கில் இருந்தவரை ஒழுங்காக ஓடியிருக்கும். காருக்கு வந்தபோது இன்ஜினைச் சுற்றியிருந்த எல்லாம் மாறிவிட்டது: ஒயரிங்கை வெட்டி நீட்டியிருப்பார்கள், ஏர்பாக்ஸ் போயிருக்கும், டாங்க் பின்னால் போயிருக்கும், பம்ப் வேறு, பெண்ட் பைப் (ஹெட்டிலிருந்து புகையை வெளியேற்றும் வளைந்த குழாய்) புதிதாக அடித்தது, பேட்டரி எங்கோ ஒரு மூலையில். அதனால் ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மனிதக் கை பட்ட இடங்களைத்தான். இன்ஜினுக்குள் இருக்கும் சாமான்களின் முறை கடைசியில் வரும்.

வேலை இரண்டே கேள்விதான். எந்த சிலிண்டர்? அந்த சிலிண்டருக்குக் கரண்ட், பெட்ரோல்-காற்று, கம்ப்ரெஷன் இந்த மூன்றில் எது ஒழுங்காகக் கிடைக்கவில்லை? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குள் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில், இது மிஸ்ஸிங்தானா

கார் வெட்டி வெட்டிப் போவதெல்லாம் மிஸ்ஸிங் ஆகிவிடாது. பைக் கியர்பாக்ஸிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக டிஃபரன்ஷியல் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது அந்த ஆட்டம் எல்லாம் சேர்ந்து முன்னும் பின்னும் உதைக்கும், புதிதாக ஓட்டுகிறவர்கள் அதை மிஸ்ஸிங் என்றே நினைப்பார்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், அதே ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். சத்தம் சீராக இருந்தால் சந்தேகம் இன்ஜினைவிட டிரைவ்லைன் பக்கம்தான். அப்புறம், 2009-க்குப் பிந்தைய ஆர்-1 இன்ஜின் போட்டிருந்தால் அது கிராஸ்பிளேன் கிராங்க், நான்கு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது, ஐட்லிங்கிலேயே கரடுமுரடாகத்தான் ஒலிக்கும். அதைச் 'சரி' பண்ணப் போகாதீர்கள்.

எப்போதும் ஒரே ஆர்பிஎம்மில் கத்தி வைத்து வெட்டியது போல நின்றால் அது லிமிட்டர், அதாவது இன்ஜின் வேகம் எல்லை தாண்டாமல் தடுக்கும் ஏற்பாடு. நான்கும் சேர்ந்து விக்கி, செத்து, திரும்ப உயிர் பெற்றால் அது ஒரு சிலிண்டர் பிரச்சினை இல்லை. பெட்ரோல் பம்ப், மெயின் ரிலே, கிராங்க் பிக்கப் (கிராங்க் சுற்றுவதை உணரும் சென்சார்), கில் சுவிட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) ஒயர், இல்லையென்றால் பைக்கிலிருந்து வந்த டிப்-ஓவர் சென்சார். இந்தக் கடைசிச் சாமான், பைக் கீழே விழுந்தால் இன்ஜினை நிறுத்துவதற்காக வைத்தது. காரில் அதை எங்காவது கேபிள் டையில் கோணலாகத் தொங்க விட்டிருந்தால் ஒரு குண்டு குழிக்கே இன்ஜினை அணைத்துவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் எப்படித் தெரியும்? 1,200 ஆர்பிஎம் ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 600 தடவை, அதாவது விநாடிக்குப் பத்து தடவை வெடிக்க வேண்டும். அந்தப் பத்தும் காணாமல் போனால் காதால் எண்ண முடியாது, ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் ஒரு நடுக்கமாகத்தான் தெரியும். சைலன்சர் வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்ளங்கையைக் காட்டினால் சீரான காற்றுக்கு நடுவே விட்டு விட்டு ஒரு 'புஸ்' படும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் மூன்று சிலிண்டரின் பலம்தான் இருக்கும், ஆனால் இழுவை சீராகவே இருக்கும்.

எந்த சிலிண்டர்

முதலில் எண்ணைச் சரியாகப் பிடியுங்கள். இன்லைன் நான்கு சிலிண்டர் பைக்கில், ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் நிலையில் இடது கைப்பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர், வலது ஓரம் நான்கு. நான் சொன்ன இந்த இன்ஜின்களில் செயின் ஸ்பிராக்கெட்டும் இடதுபக்கம்தான். கிட் காரில் இன்ஜினை நீளவாக்கில் திருப்பி, ஸ்பிராக்கெட் இருந்த பக்கத்தைப் பின்னால் பார்க்க வைத்து புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இணைக்கிறோம். அப்படியென்றால் ஒன்றாம் சிலிண்டர் ஓட்டுகிறவர் பக்கமும், நான்கு ரேடியேட்டர் பக்கமும் வந்துவிடும். காரில் முன்னால் இருப்பதுதான் ஒன்று என்ற பழக்கத்தில் எண்ணினால் எல்லாம் தலைகீழ். மேனுவலைப் பார்த்துக்கொண்டே தப்பான இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது) சோதித்து நேரத்தை வீணடிப்பது இப்படித்தான். பெயிண்ட் மார்க்கரால் வால்வ் கவர் மேலேயே எண் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பெண்ட் பைப். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் ஐட்லிங் விட்டு, ஹெட்டிலிருந்து வெளியே வரும் நான்கு பைப்பிலும் ஸ்பிரே பாட்டிலால் ஒரு துளித் தண்ணீர் விடுங்கள். மூன்றில் சுர்ரென்று ஆவியாகும், ஒன்றில் அப்படியே வழிந்து கீழே ஓடும். வழிந்து ஓடியதுதான் ஆள். கையால் தொட்டுப் பார்க்கிற வழக்கம் சிலருக்கு உண்டு, கொப்புளம் வந்தால் அது ஒழுங்காக ஓடும் சிலிண்டர் என்ற அளவில் பயன் உண்டு. கிட் காரில் ஒரு சௌகரியம், பானெட்டைத் தூக்கினால் நான்கு பைப்பும் கண்ணெதிரே. பைக்கில் ரேடியேட்டருக்குப் பின்னால் கையை நுழைக்க வேண்டும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பைப்பில் அது காட்டும் எண் பொய். பாலிஷ் போட்ட உலோகம் வெப்பக்கதிரைக் குறைவாகவே வெளிவிடும் என்பதால் உண்மையைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும். ஹெட்டிலிருந்து ஒரே தூரத்தில் நான்கு பைப்பிலும் மேட் கறுப்பு வெப்பப் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டைக் குறிவையுங்கள். எண்ணின் அளவு முக்கியமில்லை, நான்குக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து இருபது டிகிரி வித்தியாசம் எல்லா இன்ஜினிலும் இருக்கும். நூறு டிகிரி குறைவாக ஒன்று நின்றால் அங்கே ஒன்றும் எரியவில்லை.

முழுதாகச் சாகாமல் பாதி வேலை செய்யும் சிலிண்டரை வெப்பம் காட்டிக் கொடுக்காது. அதற்கு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் ஒரு சிலிண்டரை நிறுத்தினால் ஆர்பிஎம் விழ வேண்டும். விழுந்தால் அது அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது முன்பே செத்தது. கொஞ்சமாக விழுந்தால் அரை உயிர். ஃபியூவல் இன்ஜெக்ஷன் இன்ஜினில் இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினாலே போதும், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எச்சரிக்கை விளக்கைப் போட்டாலும் கவலை வேண்டாம். கார்ப் இன்ஜினில் பிளக் கேப்பை ஓடும்போது பிடுங்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஷாக் ஒரு பக்கம், வெடிக்க வழியில்லாத அந்த உயர் மின்னழுத்தம் காயிலையோ இக்னிஷன் பெட்டியையோ உள்ளேயே துளைத்துவிடலாம். இன்ஜினை நிறுத்தி, கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, பிளக்கின் உடலைக் கிளிப் ஒயரால் இன்ஜின் உலோகத்தோடு இணைத்து, அதன்பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இப்படி நிறுத்தி மாற்றுவது எரிச்சலான வேலைதான். பத்து விநாடிக்கு மேல் ஓட விடவும் வேண்டாம், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேரும்.

கரண்ட்

சிலிண்டர் தெரிந்தாயிற்று. பிளக்கைக் கழற்றுவதற்கு முன் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா, துரு இருக்கிறதா? சிலிண்டர் ஹெட்டில் குழித் தண்ணீர் வடிவதற்குச் சின்ன ஓட்டை இருக்கும். பைக்கில் இன்ஜின் சாய்ந்திருந்த கோணத்துக்கு ஏற்ப அந்த ஓட்டை வடியும், காரில் கோணம் மாறிவிட்டாலோ அழுக்கு அடைத்திருந்தாலோ மழையிலும் கழுவும்போதும் இறங்கிய தண்ணீர் அங்கேயே நிற்கும். பிளக்கின் மேலேயே உட்காரும் ஸ்டிக் காயில் அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கரண்ட்டை ஹெட்டுக்கே கொடுத்துவிடும். 'மழைக்கு மறுநாள் மட்டும் மிஸ்ஸிங்' என்றால் முக்கால்வாசி இதுதான். காற்றடித்து அழுக்கை வெளியே ஊதிவிட்டு அப்புறம் பிளக்கைத் திருகுங்கள், இல்லையென்றால் குழியில் கிடக்கும் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும்.

பிளக்கைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும், ஆனால் ஓடும் மூன்று பிளக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். பெட்ரோலில் நனைந்து வாடை வீசினால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. காய்ந்த கரி பூசியிருந்தால் கலவை கெட்டி. எண்ணெய் பளபளத்தால் ரிங் அல்லது வால்வ் சீல். ஒரு தடமும் இல்லாமல் சுத்தமாக, காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கிருந்தோ அதிகக் காற்று நுழைகிறது. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலிருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு போட்டது போல நெடுக ஒரு தடம் இருந்தால், கரண்ட் வெளிவழியாக ஊர்ந்து போன வழி அது. அந்தப் பிளக்கும் வேண்டாம், அதை மூடியிருந்த கேப்பும் வேண்டாம்.

இப்போது இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த சோதனை: இடம் மாற்றிப் பார்ப்பது. மூன்றாம் சிலிண்டர் செத்திருக்கிறது என்றால் அதன் பிளக்கை இரண்டுக்கும் இரண்டின் பிளக்கை மூன்றுக்கும் மாட்டுங்கள். மிஸ்ஸிங் இரண்டுக்கு நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகரவில்லையா, பிளக்கை விட்டுவிட்டு ஸ்டிக் காயிலை அதேபோல் மாற்றுங்கள். அப்புறம் இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாமான்தான் மாற வேண்டும். காயிலை மாற்றும்போது காயிலை மட்டும் மாற்றுங்கள், சாக்கெட் அந்தந்த சிலிண்டரிலேயே இருக்கட்டும். எந்த மீட்டரையும்விட இதை நான் நம்புவேன், ஏனென்றால் மீட்டரில் நல்ல எண் காட்டிவிட்டு, நிஜ மின்னழுத்தத்தில் கழுத்தை அறுக்கும் காயில்கள் நிறைய உண்டு.

பழைய கார்ப் இன்ஜின்கள் பலவற்றில் இரண்டே காயில்தான் இருக்கும். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 3-க்கு. இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் வெடிக்கும், அதில் ஒன்று வீண். இதற்குப் பெயர் வேஸ்டட் ஸ்பார்க். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம், கரண்ட் ஒரு பிளக் வழியாகப் போய் ஹெட்டைத் தாண்டி மற்ற பிளக் வழியாகக் காயிலுக்கே திரும்புகிறது. அதனால் ஒன்றும் நான்கும் சேர்ந்து செத்தால் காயில், அல்லது அதற்கு வரும் ஒயர். ஒன்று மட்டும் செத்தால் அந்தப் பக்கத்துப் பிளக், கேப், லீட் (காயிலிலிருந்து பிளக்குக்கு வரும் தடித்த ஒயர்). ஒரு லீட் உள்ளே அறுந்திருந்தால் ஜோடிப் பிளக்கும் சேர்ந்து பலவீனமாகும், கரி பிடித்து ஷார்ட்டான பிளக் என்றால் ஜோடி நன்றாகவே ஓடும். ஒன்று, நான்கின் லீட்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினாலும் இன்ஜின் வழக்கம்போல ஓடும் என்பதால் இடம் மாற்றிச் சோதிக்க அது வசதி. ஆனால் ஒன்றையும் இரண்டையும் மாற்றிவிடாதீர்கள், பின்னால் வெடித்துச் சைலன்சரைப் பிளக்கும்.

தனித்தனி ஸ்டிக் காயில் உள்ள இன்ஜினில், ஒயரிங்கை நீட்டியபோது இரண்டு சாக்கெட் மாறிப்போயிருந்தால் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் ஒன்றாகச் செத்திருக்கும். கார் கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஒயர் நிறங்களைத் தொழிற்சாலை வரைபடத்தோடு, ஈசியூ முனையிலிருந்து காயில் முனை வரை, மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

மல்டிமீட்டரில் காயில் பிரைமரி (பேட்டரி கரண்ட் வரும் சுற்று) பொதுவாக ஒன்றிலிருந்து ஐந்து ஓமுக்குள் இருக்கும், செகண்டரி (பிளக்குக்குப் போகும் சுற்று) ஆயிரக்கணக்கில். மேனுவலில் உள்ள எண்ணைவிட, கூடப் பிறந்த மற்றக் காயில்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில ஸ்டிக் காயிலில் உள்ளே டயோடு இருப்பதால் செகண்டரியில் மீட்டர் ஒன்றுமே காட்டாது, பயப்பட வேண்டாம். ரெசிஸ்டர் பிளக் கேப் பெரும்பாலும் 5,000 ஓம் சுற்றி இருக்கும். பல பத்தாயிரம் காட்டினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். கேப்பை லீட்டிலிருந்து திருகிக் கழற்றி, லீட்டின் முனையை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினாலே சரியாகிவிடும் கேஸ்களும் உண்டு, உள்ளே செம்பு பச்சை பிடித்துப் போயிருக்கும்.

அடுத்து வோல்டேஜ், எர்த். சாவி போட்டு, காயிலுக்கு வரும் பாசிட்டிவ் ஒயரில் அளந்தால் பேட்டரியில் இருப்பதற்கு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய கில் சுவிட்ச், கைப்பிடி சுவிட்ச் எல்லாம் சுற்றி வரும் ஒயரிங்கில் ஒன்றரை வோல்ட் காணாமல் போவது சாதாரணம். ஒயரில் விழும் இந்தத் திருட்டு எல்லா சிலிண்டருக்கும் பொது என்றாலும், எந்தப் பிளக் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதோ அதுதான் முதலில் சாகும், அதனால் ஒரு சிலிண்டர் கோளாறு மாதிரி வேஷம் போடும். எர்த்தும் அப்படித்தான். பவுடர் கோட் அடித்த சேஸிஸ் மேல் போல்ட் போட்டு எர்த் கொடுத்திருந்தால் கரண்ட் ஓடுவது போல்ட்டின் மரை வழியாக மட்டும். பெயிண்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய வையுங்கள். இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடியோ ஃபைபர். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நேராக ஒரு தடித்த கேபிள் இல்லையென்றால் இன்றே போடுங்கள்.

பெட்ரோலும் காற்றும்

கரண்ட் நன்றாக இருந்தால் இங்கே வருகிறோம். கிட் காருக்கே உரிய ஒரு கோளாறு, பார்த்தால் இரண்டு நிமிட வேலை, பார்க்காவிட்டால் மாதக்கணக்கில் அலைய விடும்: வேக்குவம் குழாய்.

பழைய பைக்குகளில் பெட்ரோல் டாப் வேக்குவத்தில் திறக்கும். அந்த வேக்குவத்துக்கு ஏதோ ஒரு சிலிண்டரின் இன்டேக் பகுதியிலிருந்து மெல்லிய குழாய் போகும். காரில் அந்த டாப் இல்லை. குழாயைப் பிடுங்கி எறிந்தவர் அதன் பித்தளைக் காம்பை மூடாமல் விட்டிருந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கூடுதல் காற்றை உறிஞ்சி, ஐட்லிங்கில் விக்கும், ஆக்சிலரேட்டர் மிதித்தால் சரியாகிவிடும். மற்றக் காம்புகளின் ரப்பர் மூடிகளையும் பாருங்கள். கார்ப் சின்க் செய்வதற்காக (நான்கு கார்ப்பையும் ஒன்றுபோல வேலை செய்ய வைப்பதற்காக) ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று உண்டு, சூட்டில் வெடித்து, மேலே பார்க்க நன்றாகவும் அடியில் கீறலாகவும் இருக்கும். விரலால் முறுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஃபியூவல் இன்ஜெக்ஷனில் பிரஷர் சென்சாருக்குப் போகும் மெல்லிய குழாய்களும் இதே கதைதான்.

ரப்பர் பூட்களைச் சோதிக்க, ஐட்லிங்கில் இருக்கும்போது பூட்டைச் சுற்றித் தண்ணீரைப் பனி மாதிரி ஸ்பிரே செய்யுங்கள். ஒரு இடத்தில் ஐட்லிங் சட்டென்று மாறினால் லீக் அங்கே. கார்ப் கிளீனர் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. வேகமாகத் தெரியும்தான், ஆனால் இறுக்கமான பானெட்டுக்குள் சூடான இன்ஜின் மேல் அதை அடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

கார்ப்பில் எந்தப் பகுதி என்பதை மிஸ்ஸிங் வரும் நிலையே சொல்லிவிடும். ஐட்லிங்கிலும் கால்வாசி ஆக்சிலரேட்டர் வரையிலும் மட்டும் வந்தால் ஸ்லோ ஜெட். நடுவில் வந்தால் ஊசியும் ஸ்லைடும். முழுதாக மிதித்தால் மட்டும் வந்தால் மெயின் ஜெட், அல்லது ஃபிளோட் கிண்ணத்துக்கு (கார்ப்பின் அடியில் பெட்ரோல் தேங்கும் இடம்) வரும் பெட்ரோல் போதவில்லை. மாதக்கணக்கில் நின்ற காரில் முதலில் அடைப்பது ஸ்லோ ஜெட்தான், அதன் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பியைக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஸ்லைடின் மேலே உள்ள ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் அந்த சிலிண்டரின் ஸ்லைடு மட்டும் மேலேறாது. டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேராக விரித்து, விளிம்பு மடிப்பில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பம்ப் இன்னொரு வில்லன். பைக் கார்ப்புக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். காருக்கான பம்ப்பை ரெகுலேட்டர் இல்லாமல் போட்டால் அது ஃபிளோட் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், நான்கில் எது தேய்ந்திருக்கிறதோ அந்தக் கார்ப் மட்டும் நிரம்பி வழியும். அறிகுறி: ஒரு பிளக் மட்டும் எப்போதும் நனைந்திருக்கும், புதுப் பிளக் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். ஒரு எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழிந்த பெட்ரோல் சிலிண்டருக்குள் நிறைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் திரவம் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இந்தச் சந்தேகம் இருந்தால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முதலில் கையால் கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பேரிங் போய்விடும்.

இன்ஜெக்ஷன் என்றால் அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில். இன்ஜெக்டரை மீட்டரில் அளந்தால் பலவற்றில் 12 ஓம் சுற்றி வரும், நான்கும் ஒன்று போல இருந்தால் சரி. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' கேட்கும். கேட்காத இன்ஜெக்டரின் சாக்கெட்டில் சிக்னல் வருகிறதா என்று எல்ஈடி சோதனை விளக்கால் பாருங்கள். டிக் கேட்டும் சிலிண்டர் செத்திருந்தால் முனை அடைத்திருக்கும், இடம் மாற்றிப் பார்த்தால் உறுதியாகும். லைனைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை இறக்குங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கம்ப்ரெஷன்

இரண்டும் நன்றாக இருந்தும் மிஸ்ஸிங் இருக்கிறது என்றால்தான் இங்கே. இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து செல்ஃப் அடியுங்கள். இக்னிஷனைத் துண்டிக்காமல் அடித்தால் பிளக் ஓட்டை வழியே வரும் பெட்ரோல் பனி ஏதாவது ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். இந்த இன்ஜின்களில் பல 10 மில்லிமீட்டர் மரைப் பிளக் என்பதால் கார் கேஜோடு வரும் அடாப்டர் பொருந்தாது, முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நல்ல இன்ஜின் 150 பிஎஸ்ஐக்கு மேல் கொடுக்கும், ஆனால் நான்குக்கும் நடுவே பத்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அடியுங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

லீக்-டவுன் கேஜ் கிடைத்தால் இன்னும் தெளிவு. பிஸ்டன் மேல் முனையில் இருக்கும்போது காற்றை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டுங்கள். கார்ப் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட் என்றால் கூலண்ட் குழாய்களையும் பாருங்கள். ரேடியேட்டர் இன்ஜினைவிடத் தாழ்வாக உட்கார்ந்த கிட் காரில் ஹெட்டில் காற்று தங்கி, கேஜில் தெரியாமலே சூடேறியிருக்கும்.

எக்ஸாஸ்ட் வால்வ் கிளியரன்ஸ் (வால்வ் முழுதாக மூடுவதற்காக விடும் இடைவெளி) இறுகிய சிலிண்டரை ஒரு பழக்கத்தை வைத்து அடையாளம் காணலாம்: குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும், சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் மிஸ் ஆகும். சூட்டில் வால்வ் நீண்டு முழுதாக மூடாமல் போவதால் அப்படி. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) வைத்த இந்த வால்வ்கள் தேயத் தேய இறுகும், டக் டக் சத்தம் வரவே வராது. 'வால்வ் சத்தம் இல்லையே' என்று திருப்தி அடைய வேண்டாம்.

ஓடும்போது மட்டும் வந்தால்

ஷெட்டில் நின்றபடி எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் வராமல், கியரில் போட்டு மிதித்தால் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு முதல் சந்தேகம் கரண்ட்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும், இருநூறு கிலோ பைக்கை இழுத்த இன்ஜின் இப்போது அரை டன் காரை இழுக்கிறது, அதிலும் நீண்ட நேரம் முழு மிதியில். பைக்கில் சமாளித்த காயில் இங்கே கைவிரிக்கும். பிளக் இடைவெளியைத் தற்காலிகமாக 0.1 மில்லிமீட்டர் குறைத்து ஓட்டிப் பாருங்கள், மிஸ்ஸிங் போனால் காயில், கேப், லீட் இவற்றில் ஒன்று பலவீனம். அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் வந்தால் சூட்டில் சாகும் காயில். குளிர்ந்த காயிலில் எத்தனை தடவை அளந்தாலும் நல்ல எண்தான் வரும், ஹேர் டிரையரால் சூடாக்கி அளந்தால் உண்மை வெளிவரும்.

வளைவில் மட்டும் வந்தால் வேறு விஷயம். பைக் வளைவில் சாய்வதால் கார்ப்பில் உள்ள பெட்ரோல் கிண்ணத்தின் அடியிலேயே இருக்கும். கார் சாயாது, போதாக்குறைக்கு இன்ஜினையும் 90 டிகிரி திருப்பி வைத்திருக்கிறோம், பெட்ரோல் பக்கவாட்டில் ஏறி ஜெட்டைக் காய விடும். இடது வளைவில் மட்டும், அல்லது வலதில் மட்டும் வந்தால் பெரும்பாலும் ஃபிளோட் அளவு. இரண்டிலும் வந்து டாங்க் கால்வாசிக்குக் கீழே இருந்தால் டாங்க்கில் பெட்ரோல் ஒதுங்குகிறது, தடுப்புத் தகடோ ஸ்விர்ல் பாட்டோ (பெட்ரோல் ஒதுங்கினாலும் இன்ஜினுக்குத் தொடர்ந்து கிடைக்க வைக்கும் சின்ன டாங்க்) வேண்டும். வளைவில் ஆயிலும் இதேபோல் ஒதுங்கும், அது மிஸ்ஸிங்கைவிடப் பெரிய செலவு வைக்கும் என்பதால் ஆயில் பிரஷர் கேஜில் ஒரு கண் இருக்கட்டும்.

கோளாறைக் கண்டுபிடித்து புது சாமான் மாட்டிச் சரியாகிவிட்டதா? முடிந்தால் பழையதைத் திரும்ப ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் அதே சிலிண்டரில் திரும்ப வந்தால்தான் சாமான் கெட்டது உறுதி. வராவிட்டால் கழற்றி மாட்டியதில் ஏதோ சாக்கெட் தற்காலிகமாக அழுந்தியிருக்கிறது, சாக்கெட்டின் பின்களையும் கிரிம்ப்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், ஒயரை லேசாக இழுத்தால் கையோடு வரும். பிறகு நான்கு பிளக்கையும் டார்க் ஸ்பேனரில், 10 மில்லிமீட்டர் மரை என்றால் சுமார் 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து நான்கையும் மறுபடி கழற்றி வரிசையாக வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.